ஒரே வண்டிக்கு 0, 3, 1 ஸ்டார்: எதைத்தான் நம்புறது?

கேள்வி | ஜனவரி 11, 2025, காலை 9.40

மாருதி எஸ்-பிரெஸ்ஸோ வாங்கலாம்னு தேடிப் பார்த்தேன், தலை சுத்துது. வண்டியை இடிச்சுப் பார்த்து ஸ்டார் குடுக்குற குளோபல் என்கேப் அமைப்பு 2020ல குடுத்தது 0 ஸ்டார். 2022 ஜூன்ல சவுத் ஆப்பிரிக்காவுக்குப் போற வண்டிக்கு 3 ஸ்டார். அதே வருஷம் டிசம்பர்ல இந்தியா வண்டிக்கு 1 ஸ்டார். மூணுமே இங்க செஞ்சதுதான். எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், காசு குடுத்தா ஸ்டார் குடுப்பாங்க, பேசாம பானெட்டைத் தட்டிப் பாரு, தகடு கனமா இருந்தா எடு. இங்க இன்சூரன்ஸ் சர்வே பண்ற அண்ணன் ஒருத்தர் இருப்பாரே, அவர் சொல்லட்டும்.

சர்வேயர் அண்ணன் பதில் | ஜனவரி 11, 2025, இரவு 10.15

தம்பி, மூணு நம்பரும் சரிதான், ஒண்ணுக்கொண்ணு முட்டவே இல்ல. 2020ல இடிச்சது டிரைவருக்கு மட்டும் ஏர்பேக் இருந்த வண்டி. 2022 ஜூன்ல சவுத் ஆப்பிரிக்காவுக்குன்னு இடிச்சதுல முன்னாடி ரெண்டு பேருக்கும் ஏர்பேக், இடிச்ச நொடியில பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ப்ரீடென்ஷனர் எல்லாம் இருந்துச்சு. அதாவது 0க்கும் 3க்கும் நடுவுல மாறினது வண்டி. 3க்கும் 1க்கும் நடுவுல மாறினது பரீட்சை. 2022 ஜூலைக்கு அப்புறம் குளோபல் என்கேப் சிலபஸையே மாத்திட்டாங்க, அதுவரைக்கும் நேரா முன்னாடி இடிக்கிறதுக்குத்தான் முக்கியமா மார்க்கு, அதுக்கப்புறம் பக்கவாட்டு இடி, கம்பத்துல இடிக்கிறது, வண்டி சறுக்காமப் பிடிக்கிற ஈஎஸ்சி, ரோட்ல நடக்குறவனுக்கு என்ன ஆகும், எல்லா சீட்டுக்கும் பெல்ட் அலாரம் இருக்கா, இதெல்லாம் சேர்ந்துருச்சு. அந்தப் புது பேப்பர்ல டிசம்பர்ல ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரெஸ்ஸோ மூணுமே 1 ஸ்டார்.

ஸ்டார் எத்தனைன்னு மட்டும் கேட்டா பாதிக் கேள்விதான். எந்த வருஷம், எந்த நாட்டு வண்டி, எந்த வேரியண்ட்டுன்னு சேர்த்துக் கேக்கணும். தகடு தட்டுற கதைக்கு நாளைக்கு வர்றேன், இப்ப தூக்கம் வருது.

ஜனவரி 12, 2025, காலை 7.05

தகடு. இதுக்குத்தான் எனக்கு பிபி ஏறும்.

நீங்க தட்டுறது பானெட்டு, ஃபெண்டர், கதவோட வெளித்தோல். அது மழை தூசி உள்ள வராம இருக்கவும் பெயிண்ட் அடிக்கவும் இருக்குற சமாச்சாரம். ஆளைக் காப்பாத்துறது உள்ள இருக்குற கூடு. முன்னாடி ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற மெம்பர், கண்ணாடி ஓரத்துல ஏறுற ஏ பில்லர், நடுவுல பி பில்லர், கதவுக்குக் கீழ இருக்குற சில் பீம். அது எதையும் ஷோரூம்ல தட்டிப் பார்க்க முடியாது. டிங்கரிங் பண்றவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. பழைய வண்டில ஸ்பாட் வெல்டிங்கை சாதா ட்ரில் பிட் வெச்சே தோண்டி எடுத்துடலாம். இப்ப வர்ற சில வண்டில பி பில்லர்ல பிட்டை வெச்சா முனை மழுங்கிப் போகுதுன்னு திட்டுறாங்க. சூடா இருக்கும்போதே அச்சுல அழுத்திச் செய்ற போரான் ஸ்டீல் அது. வெளித்தகடு அந்த வண்டிலயும் விரலால அமுக்குனா உள்ள போகும்.

நான் வண்டி பார்க்கப் போனா முன்னாடி எவ்ளோ நசுங்கியிருக்குன்னு ரெண்டாவதுதான் பார்ப்பேன். மொதல்ல டிரைவர் கதவைத் திறப்பேன். சாதாவா கைப்பிடியைப் புடிச்சதும் திறந்தா கூடு நின்னுருக்கு. கடப்பாரை வெச்சு நெம்புனா ஏ பில்லர் பின்னாடி வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் பெடலைப் பார்ப்பேன், கால் வைக்கிற தரை மடிஞ்சு மேல வந்திருக்கான்னு பார்ப்பேன். இன்ஜின் ரூம் அப்பளமா நொறுங்கி, கதவு மட்டும் சுளுவா திறந்தா எனக்கு சந்தோஷம், ஓனர்தான் அழுதுட்டு நிப்பாரு. அவர்கிட்ட அது நசுங்கத்தான் செஞ்சிருக்காங்கன்னு சொன்னா அடிக்க வர்றாரு.

ஜனவரி 12, 2025, மதியம் 1.30

எதிர்பார்த்த ஆள் வந்துட்டார். "அம்பாசடர் இரும்பு சார், இடிச்சா எதிர்ல வர்றவன்தான் காலி." அம்பாசடரை யாரும் முறையா இடிச்சு நான் பார்த்ததில்ல, ஆனா அதே காலத்து வண்டியை இடிச்சிருக்காங்க. 2009ல அமெரிக்காவுல ஐஐஹெச்எஸ்ங்கிற ரோடு பாதுகாப்பு அமைப்பு தன்னோட 50வது வருஷத்துக்கு 1959 ஷெவர்லே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் நேருக்கு நேர் மோத விட்டாங்க. வீடியோ கிடைக்கும். பெல் ஏர்ல டிரைவர் உக்கார்ற இடமே இல்லாமப் போச்சு. மாலிபு டிரைவருக்கு கால்ல அடி, அவ்ளோதான். பாருங்க, பார்த்துட்டு மறுபடி இரும்புன்னு வாங்க.

ஜனவரி 12, 2025, இரவு 9.50

காலைல எழுதுனதைத் திரும்பப் படிச்சேன். கூடு நின்னா போதும்னு ஒரு அர்த்தம் வர்ற மாதிரி இருக்கு. போதாது. 2014 ஜனவரில குளோபல் என்கேப் மொத மொதல்ல இந்திய வண்டிகளை இடிச்சப்போ ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ, அஞ்சுக்கும் 0. அஞ்சுமே ஏர்பேக் இல்லாத வேரியண்ட். இதுல ஃபிகோவுக்கும் போலோவுக்கும் கூடு நல்லாத்தான் நின்னுச்சுன்னு அவங்களே எழுதியிருந்தாங்க. அப்பவும் 0, ஏன்னா டெஸ்டுக்கு ஆளுக்குப் பதிலா உக்கார வெச்ச பொம்மையோட தலை நேரா ஸ்டியரிங்ல. அதே போலோ ரெண்டு ஏர்பேக்கோட வந்தப்போ 4 ஸ்டார். ஃபோக்ஸ்வேகன் ஏர்பேக் இல்லாத போலோவை விக்கிறதையே நிறுத்திட்டாங்க. மத்த மூணுல கூடே பத்தல, அதுல ஏர்பேக்கை மட்டும் சொருகி என்ன பண்றது.

ரெண்டும் வேணும். ரெண்டுக்கும் மேல பெல்ட்டு வேணும்.

ஜனவரி 14, 2025, மாலை 4.20

பொங்கல் சாப்பாடு இன்னும் இறங்கல, இருந்தாலும் காசு விஷயத்தைச் சொல்லிடறேன்.

ஐஐஹெச்எஸ் நடத்துறதே அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிங்க. வண்டியை டீலர்கிட்ட நம்மளை மாதிரி காசு குடுத்து வாங்கி இடிப்பாங்க. மார்க்கு அள்ளிக் குடுத்தா அவங்க பையிலேர்ந்துதான் கிளெய்ம் போகும், அதனால அங்க தாராளம் காட்ட மாட்டாங்க (நம்ம ஊர் கம்பெனிங்களும் இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா நான் மொத ஆளா வேலைக்கு மனு போடுவேன்). குளோபல் என்கேப் பிரிட்டன்ல இருக்குற அறக்கட்டளை மாதிரி அமைப்பு, ஏர்பேக் கம்மியா இருக்குற அடிமட்ட வேரியண்ட்டைத்தான் எடுப்பாங்க. கம்பெனியே கூப்பிட்டு காசு கட்டி இடிக்கச் சொல்றதும் உண்டு, அதை ஒளிக்கிறதில்ல. நெக்ஸான் 2018 ஆகஸ்ட்ல 4 ஸ்டார் வாங்குச்சு, டாடா அதைச் சரி பண்ணித் திரும்பக் கொண்டு வந்து டிசம்பர்ல 5 வாங்குனாங்க, இந்தியால செஞ்சதுல மொத 5. இதைக் காசு குடுத்து வாங்குன ஸ்டார்னு சொன்னா அரியர் எழுதிப் பாஸ் ஆனவனையும் காப்பியடிச்சான்னு சொல்லணும்.

பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1லேர்ந்து நம்ம அரசாங்கத்தோடது. முன்னாடி 64 கி.மீ., பக்கவாட்டுல 50, கம்பத்துல 29. செலவு கம்பெனியோடது, டெஸ்டுக்கு வர்றதும் வராததும் கம்பெனி இஷ்டம். எனக்கு உறுத்துறது இந்தக் கடைசி விஷயம்தான். ஸ்டார் கம்மியா வரும்னு தெரிஞ்ச வண்டி வரவே வராது. லிஸ்ட்ல இல்லாத பேரைத்தான் நான் உத்துப் பார்ப்பேன்.

ஜனவரி 14, 2025, மாலை 5.00

"0 ஸ்டார் வண்டியை அரசாங்கம் எப்படி விக்க விடுது"ன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. சட்டம் வேற, ஸ்டார் வேற அக்கா. ஐரோப்பா சட்டத்தைப் பார்த்து நம்ம ஆளுங்க கொண்டு வந்த டெஸ்டு, முன்னாடி 56 கி.மீ., பக்கவாட்டுல 50. புது மாடலுக்கு 2017 அக்டோபர்லேர்ந்து, எல்லா வண்டிக்கும் 2019 அக்டோபர்லேர்ந்து கட்டாயம். ஸ்டார் டெஸ்டுல முன்னாடி 64. எட்டு கி.மீ.தானேன்னு தோணும். வேகத்தைப் பெருக்கித்தான் அடி வருது, 56ஐ 56ஆல பெருக்குனா 3136, 64ஐ 64ஆல பெருக்குனா 4096. முப்பது சதவீதம் கூட அடி. சட்டத்துல பாஸ் ஆகி ஸ்டார்ல கவுந்தா அதுல மர்மம் ஒண்ணுமில்ல.

இதுல இன்னொண்ணு, இந்த டெஸ்டுல வண்டி முழு மூஞ்சியோட மோதாது. டிரைவர் பக்கம் 40 சதவீத அகலம் மட்டும், அதுவும் கல் சுவத்துல இல்ல, எதிர்ல வர்ற வண்டி மாதிரி நசுங்குற அலுமினியத் தேன்கூட்டுக் கட்டையில. ஓவர்டேக் பண்றப்போ எதிர்ல வர்றவன் மேல மூலையில உரசுற கேஸு. திருச்சி ரோட்டுல நான் பார்க்குற பாதி கேஸ் இதுதான்.

ஜனவரி 19, 2025, காலை 11.30

"டெஸ்ட்டெல்லாம் சும்மா, கம்பெனி நினைச்சாத்தான் மாறும்"னு ஒருத்தர். கம்பெனி எப்ப நினைச்சாங்கன்னு பாருங்க. யூரோ என்கேப் மொத ரிசல்ட்டை 1997ல வெளியிட்டப்போ கம்பெனிங்க எல்லாம் சண்டைக்கு நின்னாங்க, ரொம்பக் கடுமை, 4 ஸ்டார் எவனாலயும் வாங்க முடியாதுன்னு. ரோவர் 100க்கு ஒரே ஒரு ஸ்டார். அதோட விற்பனை விழுந்து கொஞ்ச காலத்துல வண்டியே நின்னு போச்சு. அதே வருஷம் வால்வோ எஸ்40 4 ஸ்டார் வாங்கிட்டு வந்து நிக்குது. 2001ல ரெனோ லகூனா 5. 4 ஸ்டார் முடியவே முடியாதுன்னு சொன்னதுக்கும் வால்வோ முடிச்சுக் காட்டுனதுக்கும் நடுவுல அஞ்சு மாசம்தான் ஓடியிருக்கும்.

சட்டத்துல ஒரு எழுத்து மாறல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு, அவ்ளோதான்.

ஜனவரி 19, 2025, இரவு 8.45

மறந்துட்டேன். ஸ்டார் பழசாகும். ஃபியட் புன்ட்டோ 2005ல 5 ஸ்டார் வாங்குனது, அதையே 2017ல திரும்ப இடிச்சு 0 குடுத்தாங்க. வண்டி துருப்பிடிச்சா போச்சு, இல்ல, பேப்பர் கஷ்டமாயிருச்சு. ரெனோ ஸோயி கதை இதைவிட மோசம், 2013ல 5, 2021ல 0. அதுல பேப்பர் மட்டும் மாறல, தலையையும் நெஞ்சையும் சேர்த்துக் காப்பாத்துற பக்கவாட்டு ஏர்பேக்கை எடுத்துட்டு நெஞ்சுக்கு மட்டும் இருக்குறதை வெச்சிருந்தாங்க. 2018 நெக்ஸான் வெச்சிருக்குற தம்பிங்க கோவிச்சுக்காதீங்க, உங்க 5 அந்த வருஷத்து 5.

ஜனவரி 20, 2025, காலை 6.50

"எக்ஸ்போர்ட் வண்டி வேற, நமக்கு வேற" பத்தி நிறைய பேர் குமுறியிருக்கீங்க. நமக்கு மட்டுமில்ல. மெக்சிகோல நிஸான் சுரூன்னு ஒண்ணு, தொண்ணூறுகளோட ஆரம்பத்து சென்ட்ராதான், டாக்ஸி பூரா அதுதான். ஏர்பேக் இல்ல. 2013ல லத்தீன் என்கேப்ல 0. 2016 அக்டோபர்ல அமெரிக்காவுல வெச்சு அந்த சுரூவையும், அதே நிஸான் அமெரிக்காவுல விக்கிற வெர்சாவையும் எதிரெதிரா மோத விட்டாங்க. ஒரே கம்பெனி பேட்ஜ், எல்லைக்கு ரெண்டு பக்கம். வெர்சால இருந்த பொம்மை எந்திரிச்சு நடந்து போயிருக்கும்னு சொல்லலாம், சுரூ டிரைவருக்கு வழியே இல்ல. வீடியோ வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நிஸான்காரங்க 2017 மே மாசத்தோட சுரூவை நிறுத்துறோம்னு அறிக்கை விட்டாங்க. தற்செயலாம்.

2014ல இங்க டாட்சன் கோவுக்கு 0 வந்தப்போ, குளோபல் என்கேப் தலைவரா இருந்த மேக்ஸ் மோஸ்லி, நிஸான் தலைவர் கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதி வண்டியை விக்கிறதை நிறுத்துன்னாரு. கோ நம்ம ஒரகடத்துல செஞ்ச வண்டி. அதே ஒரகடத்துல இன்னைக்கு ஜிஏஆர்சின்னு அரசாங்கத்தோட டெஸ்ட் சென்டர் இருக்கு, கிராஷ் லேபோட.

ஜனவரி 26, 2025, மதியம் 3.15

மேல கேட்ட அக்கா இன்னொண்ணு கேட்டிருக்காங்க, "எனக்கு உயரம் அஞ்சடி கூட இல்ல, சீட்டை முன்னாடி தள்ளி ஸ்டியரிங்கை ஒட்டித்தான் ஓட்டுவேன், உங்க பொம்மை என்னை மாதிரி இருக்குமா?" இந்த இழைலயே உருப்படியான கேள்வி இதுதான்.

இருக்காது அக்கா. டிரைவர் சீட்டுல ரொம்ப காலமா உக்கார்றது ஹைப்ரிட் 3ன்னு ஒரு பொம்மை, 1976ல ஜெனரல் மோட்டார்ஸ் செஞ்சது, கிட்டத்தட்ட 175 செ.மீ., 78 கிலோ, நடுத்தர அமெரிக்க ஆம்பளை. பொம்பளை பொம்மை உண்டு, சுமார் 150 செ.மீ., 49 கிலோ, ஆனா அதுவே ஆம்பளை பொம்மையைச் சுருக்கிச் செஞ்சதுதான், உடம்பு வாகு வேறன்னு யோசிச்சு செஞ்சதில்ல. யூரோ என்கேப்புல 2015லேர்ந்துதான் அந்தச் சின்ன பொம்மையை டிரைவர் சீட்டுல வெச்சு நேரா சுவத்துல மோத விடுற டெஸ்டு வந்துச்சு. சுவீடன்ல ஆஸ்ட்ரிட் லிண்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2022ல நடுத்தரப் பெண் உடம்பு வாகுல, 162 செ.மீ., 62 கிலோ, ஒண்ணு செஞ்சு காட்டியிருக்காங்க, அதுக்கு ஸ்டார் டெஸ்டுல இடம் கிடைக்கல.

நீங்க பண்ண வேண்டியது, நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 செ.மீ. விடுங்க, ஒரு பெரிய ஸ்கேல் நீளத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஸ்டியரிங் சாயுற வண்டின்னா மூஞ்சியைப் பார்க்காம நெஞ்சைப் பார்க்குற மாதிரி இறக்குங்க. சீட் உயரம் ஏத்துற லீவர் இருக்குற வேரியண்ட்டை எடுங்க, சன்ரூஃபுக்குக் குடுக்குற காசை அதுக்குக் குடுங்க.

பிப்ரவரி 2, 2025, இரவு 10.30

மலேசியால இருக்குற ஒரு தம்பி, "ஜப்பான் வண்டி பொய் சொல்லாது"ன்னு எழுதியிருக்கார். தம்பி, நீங்க ஓட்டுறதே உங்க ஊர் பெரோடுவான்னு சொல்றீங்க, அது ஜப்பான் டைஹாட்சு தொழில்நுட்பம். டைஹாட்சு 2023 ஏப்ரல்ல வாயாலயே ஒத்துக்கிட்டாங்க, பக்கவாட்டு இடி டெஸ்டுக்குக் குடுத்த வண்டில கதவு உள்பக்க லைனிங்ல ஒரு வெட்டு போட்டு, கூரா உடையாத மாதிரி பண்ணி அனுப்பியிருக்காங்க, விக்கிற வண்டில அந்த வெட்டு இல்ல. டிசம்பர்ல முழு விசாரணை வந்துச்சு, 64 மாடல், 174 முறைகேடு, பழசெல்லாம் முப்பது வருஷம் முன்னாடி போகுது. எனக்கு வயித்தைக் கலக்குனது ஒண்ணு, சில டெஸ்டுல ஏர்பேக்கை சென்சார் வெடிக்க வைக்கல, டைமர் வெச்சு வெடிக்க வெச்சிருக்காங்க. அது டெஸ்டே இல்ல, தீபாவளி.

இது ஸ்டார் குடுக்குற இடத்துல நடந்த தப்பில்ல, சட்டப்படி அப்ரூவல் வாங்குற டெஸ்டுல நடந்தது. அதுக்குத்தான் கடைல வாங்கி இடிக்கிறவன் ஒருத்தன் வெளில இருக்கணும்னு சொல்றேன்.

பிப்ரவரி 9, 2025, காலை 8.00

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு. நீங்க வாங்குற வண்டிக்கு 4 ஸ்டார்னா அது தொழிற்சாலைலேர்ந்து வந்த வண்டிக்கு. நடுவுல ஒரு தடவை இடிச்சிருந்தா? போன வருஷம் ஒரு வண்டி பார்த்தேன், எந்த ஒர்க்‌ஷாப்புன்னு கேக்காதீங்க. முன்னாடி ஏற்கெனவே வெடிச்ச ஏர்பேக்குக்குப் பதிலா புது மூடி மட்டும் ஒட்டி, உள்ள ஒயர்ல ஒரு சின்ன ரெசிஸ்டர் சொருகியிருந்தாங்க. கம்ப்யூட்டருக்கு ஏர்பேக் இருக்குன்னு தோணும், லைட்டு எரியாது. ரெண்டாவது தடவை இடிச்சப்போ மூடி மட்டும் தெறிச்சிருக்கு. ஓட்டுனவர் பொழச்சுக்கிட்டார், பெல்ட் போட்டிருந்தார், மூக்குத்தண்டு போச்சு. சாவியைத் திருப்புனதும் ஏர்பேக் லைட்டு சில நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லன்னா பல்பை எடுத்துட்டாங்கன்னு சந்தேகப்படுங்க. எரிஞ்சு அணைஞ்சா ரெசிஸ்டராவும் இருக்கலாம், அதனால டாஷ்போர்டு மூடியோட கலரு, தையல் மத்ததோட ஒத்து வருதான்னு வெயில்ல நிறுத்திப் பாருங்க.

பெல்ட்டையும் முழுசா வெளில இழுத்துப் பாருங்க. பலமா இடிச்ச வண்டில பெல்ட் போட்டிருந்தா, தோளுக்கு மேல வளையத்துல உரசுன இடத்துல நாடா பளபளன்னு உருகுன மாதிரி ஒரு தடம் இருக்கும். ப்ரீடென்ஷனர் வெடிச்சிருந்தா நாடா பாதில மாட்டிக்கிட்டு உள்ள போகாது. கிளெய்ம் ஃபார்ம்ல எல்லாரும் "பெல்ட் அணிந்திருந்தேன்"னுதான் எழுதுவாங்க, நான் நாடாவைத் தடவிப் பார்த்துட்டுத்தான் மேல படிப்பேன்.

பிப்ரவரி 9, 2025, காலை 8.20

பின்சீட்டுக்கும் இதேதான். டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர்ல மகாராஷ்டிரால பால்கர் பக்கத்துல உயிரை விட்டது பெரிய ஜெர்மன் வண்டில, பின்சீட்டுல, பெல்ட் போடாம. அதுக்கப்புறம் ஆறு ஏர்பேக் கட்டாயம்னு பேச்சு சூடாச்சு. வரைவு 2022 ஜனவரிலயே வந்தது, தேதி 2023 அக்டோபருக்குத் தள்ளிச்சு, கடைசில கட்டாயம் இல்லன்னு அமைச்சர் கட்கரி சொல்லிட்டார். இப்ப கம்பெனிங்க தானாவே ஆறு போடுறாங்க, ஸ்டார் வேணுமே.

பிப்ரவரி 16, 2025, மதியம் 12.10

"எல்லாம் சரி, செத்துப்போறதுல கார்க்காரன் எத்தனை பேரு?"ன்னு பைக் ஓட்டுற தம்பி ஒருத்தர் குத்தியிருக்கார். நியாயம். 2022ல இந்தியா ரோட்டுல 1,68,491 பேர் போனாங்க, அதுல 44 சதவீதம் டூவீலர். 5 ஸ்டார் கார் அவங்களை இடிச்சா அவங்களுக்கு எந்த ஸ்டாரும் கிடையாது. நடக்குறவனுக்கு பானெட்டு எவ்ளோ மெத்துன்னு இருக்குன்னு பார்க்குற டெஸ்டு இருக்கு, அதையும் கெடுக்குறது பம்பருக்கு முன்னாடி நாம மாட்டுற புல் பார். 2017 டிசம்பர்லயே தடை பண்ணியாச்சு, இன்னும் கடைல தொங்குது. இடி மெம்பர்ல மெதுவா இறங்கணும்னு கணக்குப் போட்டு செஞ்ச வண்டில நேரா இரும்புக் குழாயைக் கட்டுனா, ஏர்பேக் சென்சாருக்குப் போற கணக்கும் மாறிப்போகுது. ஓனர்கிட்ட சொன்னா "பம்பருக்கு பம்பர் சார்"ங்கிறார்.

பிப்ரவரி 16, 2025, இரவு 9.05

கேள்வி கேட்ட தம்பி கடைசில ஆறு ஏர்பேக் இருக்குற வேற வண்டி புக் பண்ணிட்டாராம், டீலர் சீட் கவரும் பெல்ட் அலாரத்தை நிறுத்துற கிளிப்பும் இலவசமா தர்றேன்னாராம். கிளிப்பை அவர்கிட்டயே குடுத்துட்டு வாங்க, 2023 மே மாசம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைங்கள்ளேர்ந்து 13,118 லிஸ்டிங்கை எடுக்க வெச்ச சரக்கு அது. சீட் கவருக்கு, சீட்டோட கதவுப் பக்க ஓரத்துல ஏர்பேக்னு எழுதுன சின்ன டேக் தைச்சிருக்கும், அந்தத் தையல் பிரிஞ்சுதான் பக்கவாட்டு பேக் வெளில வரும். அந்த இடத்தை மூடாத கவர் இருக்கான்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா கவரே வேணாம், ஒரு துண்டை விரிச்சுக்கோங்க.